பிரஸ்ஸல்ஸ் வேலைவாய்ப்பு ஆணையருக்கு மனு போட்டால் நின்றுபோன சம்பளம் வருமா?

பெர்லின்_சைக்கிள் (கேள்வி)

வணக்கம். பெர்லினில் முதுகலை படித்துக்கொண்டே சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறேன். ஊர் விருதுநகர் பக்கம்.

ஆப் ஒரு பெரிய கம்பெனியுடையது. ஆனால் எனக்கு வேலை கொடுத்தது அந்தக் கம்பெனி இல்லை. அதற்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன சப்-கான்ட்ராக்ட் நிறுவனம். பையும் ஜாக்கெட்டும் பெரிய கம்பெனியுடையவை, சம்பளம் மட்டும் இவர் கையில். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. "நாளைக்கு ஆறு மணிக்கு ஆன்லைன் வந்துடு" என்று வந்த வாட்ஸ்அப் மெசேஜ்தான் என் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். நவம்பர், டிசம்பர் சம்பளம் இன்னும் வரவில்லை. கேட்டால் ஆப் கம்பெனி பணம் அனுப்பவில்லை என்றார். இப்போது போனே எடுப்பதில்லை.

ரூமில் இருக்கும் ஓர் அண்ணன் சொல்கிறார்: ஐரோப்பிய யூனியனில் வேலைவாய்ப்புக்கும் சமூகநலத்துக்கும் என்று ஓர் ஆணையர் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறாராம். ஐரோப்பா முழுக்கக் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயித்ததே அந்த ஆபீஸ்தானாம். நம் ஊரில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பது போல அவருக்கு நேராக எழுதிப் போட்டால் கீழே வரைக்கும் உத்தரவு பறக்கும் என்கிறார்.

உண்மையிலேயே அவருக்கு அவ்வளவு அதிகாரம் உண்டா? அவர் மந்திரியா, அதிகாரியா? என் முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்க அவரால் முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விசா விஷயம் என்பதால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

டீக்கடை_பெஞ்ச்

எழுதிப் போடுங்க ப்ரோ. இருபத்துநாலு மொழியில் பதில் வரும், சம்பளம் ஒரு மொழியிலும் வராது. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் அறிக்கை எழுதுகிறவர்கள். 2030-க்குள் இத்தனை சதவீதம், 2050-க்குள் அத்தனை சதவீதம். உங்கள் ஆளை ரெண்டு பேர் நேரில் போய்ப் பார்த்தால் வேலை முடியும்.

உறையூர்க்காரி

தம்பி, நேரில் போய்ப் "பார்க்கும்" வேலையெல்லாம் வேண்டாம். விசாவில் இருப்பவர் நீங்கள்.

நான் பெர்லினில்தான் இருக்கிறேன். வேலை ஒரு கணக்கு அலுவலகத்தில். அது போக, நம் ஆட்களுக்கு மொழிபெயர்க்கத் தொழிலாளர் ஆலோசனை மையத்துக்கும் தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் துணையாகப் போவேன். அதனால் உங்கள் மாதிரிக் கதை எனக்குப் புதிதில்லை. வாட்ஸ்அப் மெசேஜை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் ஒரே கதை.

முதலில் அந்த ஆணையர். இப்போது அந்தப் பொறுப்பில் இருப்பவர் ருமேனியாவைச் சேர்ந்த ரொக்ஸானா மின்சாட்டு. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி பதவிக்கு வந்தார். யூனியனின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் நிர்வாகத் துணைத்தலைவர்களில் ஒருவர். அவருக்கு முதலில் ஒதுக்கிய பொறுப்பின் பெயர் "மக்கள், திறன்கள், ஆயத்தநிலை" என்று இருந்தது. வேலை என்றும் இல்லை, சமூகம் என்றும் இல்லை. தொழிற்சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் சத்தம் போட்ட பிறகு "சமூக உரிமைகள், திறன்கள், தரமான வேலைகள், ஆயத்தநிலை" என்று மாற்றினார்கள். பெயர்தானே என்று நினைக்கலாம். ஆனால் பொறுப்பின் பெயரில் இல்லாத விஷயத்துக்கு அந்த ஊரில் கோப்பே திறக்க மாட்டார்கள்.

மந்திரியா அதிகாரியா என்றால் மந்திரிக்குப் பக்கம். அவருக்குக் கீழே ஒரு துறை இருக்கிறது, அதற்குத் தலைமை இயக்குநர் என்று ஓர் அதிகாரி. நம் ஊர்த் துறைச் செயலாளரைப் போன்றவர், ஆணையர்கள் மாறினாலும் துறையை ஓட்டுபவர். சட்ட நகல் (வரைவு) எழுதுவதெல்லாம் அந்தத் துறையில்தான்.

இனி அதிகாரம். அவரிடம் ஒரு லேபர் இன்ஸ்பெக்டர் கூடக் கிடையாது. ஒரு கடையின் கதவைத் தட்டி சம்பளப் பதிவேட்டைக் காட்டு என்று கேட்க அவர் துறையில் ஆள் இல்லை. ஜெர்மனியில் குறைந்தபட்ச ஊதியம் கொடுக்கிறார்களா என்று பார்ப்பது யார் தெரியுமா? சுங்கத்துறை. ஆமாம், ஏர்போர்ட்டில் தங்கம் பிடிக்கும் அதே துறை. அதில் கறுப்பு வேலையை, அதாவது கணக்கில் காட்டாமல் வாங்கும் வேலையைப் பிடிக்க என்றே ஒரு பிரிவு இருக்கிறது. உங்கள் முதலாளி பயப்பட வேண்டியது அவர்களுக்குத்தான், பிரஸ்ஸல்ஸுக்கு அல்ல.

ரூம் அண்ணன் சொன்ன குறைந்தபட்ச ஊதியக் கதையும் பாதி உண்மைதான். யூனியனின் ஒப்பந்தத்தில் 153-வது பிரிவின் ஐந்தாவது பத்தி, இந்தப் பிரிவின்படி சம்பளத்தில் யூனியன் தலையிடக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. வேலைநிறுத்த உரிமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வேலைவாய்ப்பு ஆணையர், ஆனால் சம்பளத்தைத் தொடக் கூடாது! அந்த நாற்காலியில் உட்காரும் யாருக்கும் இதுதான் முதல் சிக்கல். நிக்கோலா ஷ்மிட் என்ற லக்ஸம்பர்க்காரர் 2019 முதல் 2024 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் காலத்தில், 2022 அக்டோபரில், குறைந்தபட்ச ஊதிய டைரக்டிவ் நிறைவேறியது. டைரக்டிவ் என்றால் நாடுகள் ஒரு கெடுவுக்குள் தங்கள் சட்டமாக மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டளை. அதில் எந்த நாட்டுக்கும் ஒரு யூரோ கூட நிர்ணயிக்கவில்லை. சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் இருக்கிற நாடுகள் அது போதுமானதா என்று ஓர் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அளவுகோலுக்கு உதாரணமாக இரண்டு எண். எல்லார் சம்பளத்தையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் சம்பளத்தில் 60 சதவீதம், அல்லது சராசரிச் சம்பளத்தில் 50 சதவீதம்.

அந்த 60 என்ன ஆனது என்று பாருங்கள். ஜெர்மனியில் குறைந்தபட்ச ஊதியத்தைப் பரிந்துரைப்பது முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த ஓர் ஆணையம். 2025 ஜனவரியில் அவர்கள் தங்கள் செயல்விதியில் அந்த 60 சதவீதத்தையும் ஓர் அளவாகச் சேர்த்துக்கொண்டார்கள். அதே வருடம் ஜூனில் 12.82 யூரோவை 13.90 ஆக்க முடிவெடுத்தார்கள். 2026 ஜனவரி 1 முதல் மணிக்கு 13.90, 2027-இல் 14.60. அந்த ஒரு எண்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது மேஜைமேல் இருந்தது. அந்தப் பதவியின் அதிகாரம் இந்த வகையானது. யாரையும் கூப்பிட்டு அதட்டாது, மற்றவர்கள் பேரம் பேசும் மேஜையில் ஓர் எண்ணைக் கொண்டுவந்து வைக்கும்.

உங்களுக்கு நேராக உதவுவது வேறொன்று. ஷ்மிட்டுக்கு முன் இருந்தவர் மரியான் தைசன் என்ற பெல்ஜியம் பெண்மணி. 2017 டிசம்பரில் அவருடைய துறை ஒரு நகலைக் கொண்டுவந்தது: வேலைக்கு எடுக்கும் எவரும் வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும், அதுவும் சீக்கிரம். 2019 ஜூனில் அது டைரக்டிவ் ஆனது. கெடு 2022 ஆகஸ்ட் 1. அன்றைக்கே ஜெர்மனியின் பழைய சட்டம் திருத்தப்பட்டு நடைமுறைக்கு வந்தது. இப்போது சட்டப்படி உங்கள் முதலாளி, தன் பெயர் முகவரி, உங்கள் சம்பளம், வேலை நேரம் இவற்றையாவது முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 2,000 யூரோ வரை அபராதம் போட இடமுண்டு. எழுத்தில் இல்லை என்பதால் ஒப்பந்தமே இல்லை என்று ஆகாது. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். எழுதித் தராதது அவர் குற்றம், உங்கள் குற்றமல்ல. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பையன்கள் பாதிப் பேர் "என்கிட்ட பேப்பரே இல்லையே அக்கா" என்று அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

ஆக, பிரஸ்ஸல்ஸில் 2017-இல் எழுதிய வரி உங்கள் பக்கம் வந்துசேர ஐந்து வருடம் ஆகியிருக்கிறது. உங்கள் மெயில் இன்றைக்குப் போனால் அது என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

செய்ய வேண்டியது: பெர்லினில் பேமா என்று ஓர் ஆலோசனை மையம் இருக்கிறது. புலம்பெயர்ந்து வந்த தொழிலாளர்களுக்கு இலவசம், பல மொழிகளில் பேசுவார்கள். நாடு முழுக்க "ஃபேர் இன்டெக்ராட்சியோன்" என்ற பெயரிலும் நம்மைப் போல யூனியனுக்கு வெளியே இருந்து வந்தவர்களுக்கு ஆலோசனை மையங்கள் உண்டு. அது வளர்ந்த திட்டத்தில் ஐரோப்பிய சமூக நிதியின் பணமும் கலந்திருக்கிறது. அந்த நிதி இதே ஆணையரின் பொறுப்பு. 2021 முதல் 2027 வரை சுமார் 9,900 கோடி யூரோ. ஆணையர் உங்களுக்குப் பதில் எழுதாமல் இருக்கலாம், ஆனால் ஆலோசகர் மேஜைக்குக் காசு வந்த வழியில் அவர் துறையும் இருக்கிறது. டீக்கடை பெஞ்ச் இதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது தொழிலாளர் நீதிமன்றம், மக்டெபுர்கர் ப்ளாட்ஸில் இருக்கிறது. பயப்படும்படியான இடமல்ல. உள்ளேயே ஓர் அலுவலகம், நீங்கள் சொல்லச் சொல்ல வழக்கை எழுதிக் கொடுப்பார்கள். முன்பணமாகக் கோர்ட் கட்டணம் கிடையாது. முதல் கட்டத்தில் வக்கீல் கட்டாயமில்லை. வைத்தால் ஜெயித்தாலும் தோற்றாலும் அவரவர் வக்கீல் காசு அவரவருக்கு. சில வாரங்களில் சமரச அமர்வுக்குத் தேதி வரும்.

அது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். கதவுக்குப் பக்கத்தில் அன்றைய வழக்குகளின் பட்டியல், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று. உள்ளே ஒரே ஒரு நீதிபதி. ஒருமுறை உங்களைப் போலவே பை மாட்டி ஓட்டிய ஒரு பையனுடன் போயிருந்தேன். எதிர்த் தரப்பில் ஒருவர் வந்து, இவன் அத்தனை மணிநேரம் ஓட்டவே இல்லை என்றார். நீதிபதி குரலை உயர்த்தாமல், "சரி, வேலை நேரப் பதிவேடு எங்கே?" என்று கேட்டார். இந்தத் தொழிலில் தொடங்கிய நேரம், முடித்த நேரம், மொத்த நேரம் மூன்றையும் ஏழு நாளுக்குள் எழுதி, இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டியது முதலாளி. அவரிடம் ஒன்றும் இல்லை. பையனிடம் ஆப் ஸ்கிரீன்ஷாட்கள் நாள்வாரியாக அச்சடித்து இருந்தன, ஓரத்தில் பேனாவால் மணிக்கணக்கு. அதற்கப்புறம் பேச்சு "எவ்வளவு, எப்போது" என்று மாறிவிட்டது. உடன்பாடு ஆனதும் நீதிபதி கையடக்க ரெக்கார்டரை எடுத்து, இத்தனை யூரோ இந்தத் தேதிக்குள் என்று வாயாலேயே சொல்லிப் பதிவு செய்தார், திரும்பப் போட்டுக் காட்டினார், இருவரிடமும் சம்மதமா என்று கேட்டார். முடிந்தது. அடுத்த வழக்குக்காரர்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். பையன் கேட்டதில் முழுதும் கிடைக்கவில்லை, ஆனால் கைக்கு வந்தது.

விசா பற்றி: மாணவர்களுக்கு வருடத்துக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் கணக்கு. அதற்குள் இருந்தால் கவலையே வேண்டாம். தாண்டியிருந்தால் கோர்ட்டுக்குப் போகும் முன் ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள்.

யூலாண்ட்_அண்ணை

தம்பி, தங்கச்சி எழுதினதெல்லாம் சரி. நான் டென்மார்க்கிலை இருந்து எழுதுகிறேன். எண்பதுகளில் வந்த ஆக்களில் ஒருவன். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியாகவும் இருந்தேன்.

அந்தக் குறைந்தபட்ச ஊதிய டைரக்டிவை எங்கட நாடு எதிர்த்தது, தெரியுமோ? முதலாளிமார் மட்டும் எதிர்த்தால் அதிசயமில்லை. எங்கட தொழிற்சங்கங்களும் சேர்ந்து எதிர்த்தன. வெளியில் இருந்து பார்க்கிறவைக்கு இது விளங்காது. டென்மார்க்கில் சட்டத்தில் குறைந்தபட்ச ஊதியம் என்று ஒன்று இல்லை. எல்லாம் சங்கமும் முதலாளிமார் அமைப்பும் இருந்து கதைச்சு எழுதுகிற கூட்டு ஒப்பந்தம்தான். அரசாங்கமே அதுக்குள் கை வைக்கிறதில்லை, பிரஸ்ஸல்ஸ் எதுக்கு வருது என்பதுதான் கேள்வி. இன்றைக்குக் கூட்டித் தாறம் என்று வருகிற கை நாளைக்குக் குறைக்கவும் வரும் என்ற பயம்.

2023 ஜனவரியில் டென்மார்க் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது, சுவீடன் துணைக்கு நின்றது. 2025 ஜனவரியில் நீதிமன்றத்தின் சட்ட ஆலோசகர் முழு டைரக்டிவையும் ரத்துச் செய்யச் சொல்லி அபிப்பிராயம் எழுத, இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். 2025 நவம்பர் 11-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பெரும்பகுதி செல்லும் என்று சொல்லிப் போட்டார்கள். இரண்டு துண்டைத்தான் வெட்டினார்கள். ஊதியத்தை நிர்ணயிக்கும்போது எவற்றையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற பட்டியல் ஒன்று. விலைவாசியோடு தானாக ஏறி இறங்குகிற ஏற்பாடு இருந்தால் அதில் இறக்கக் கூடாது என்ற விதி மற்றது. பகிடி என்னவென்றால் இரண்டுமே சட்டத்தில் ஊதியம் உள்ள நாடுகளுக்கானவை. வழக்குப் போட்ட எங்களுக்கும் அதுக்கும் தொடர்பே இல்லை!

ஆனால் ஒன்று சொல்ல வேணும். அதே டைரக்டிவில், கூட்டு ஒப்பந்தத்துக்குள் வருகிற தொழிலாளர் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த நாடு அதைக் கூட்டத் திட்டம் போட வேணும் என்று இருக்குது. ஜெர்மனியில் அது பாதி அளவில்தான் நிற்குது. உங்கட பக்கத்துக்கு நல்ல விஷயம். உம்மைப் போல ஓடித் திரிகிற பெடியளுக்குச் சங்கம் இருந்திருந்தால் இந்தக் கேள்வியை நீர் இங்கே கேட்டிருக்க மாட்டீர். சங்கத்தில் சேரும். சந்தாக் காசு வீண் போகாது.

பலெர்மோ_ராசா

பெரிய விஷயங்கள் எனக்குத் தெரியாது. டீக்கடை பெஞ்ச் "அறிக்கை எழுதுகிறவர்கள்" என்று எழுதியதால் ஒன்று சொல்லலாம் என்று வந்தேன்.

2020 மார்ச்சில் நான் வேலை செய்த உணவகத்தை மூடினார்கள். இத்தாலியில் "காஸ்ஸா இன்டெக்ராட்சியோனே" என்று ஒன்று உண்டு. வேலை நின்றாலும் ஆளை நீக்காமல் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு கொடுக்கும். காசு தாமதமாகத்தான் வந்தது, வாடகைக்குச் சொந்தக்காரரிடம் கடன் வாங்கினேன், அது வேறு கதை. ஆனால் வந்தது. அந்தச் செலவுக்கு நாடுகளுக்குக் கடன் கொடுக்க ஐரோப்பிய ஆணையம் ஷ்மிட் காலத்தில் "ஷூர்" என்று ஒரு திட்டம் போட்டது. 19 நாடுகளுக்கு மொத்தம் 9,840 கோடி யூரோ. அதிகம் வாங்கியது எங்கள் இத்தாலிதான், 2,740 கோடி. யோசனை தொடங்கி முதல் பணம் வரும்வரை எல்லாம் அந்த ஒரே வருடத்துக்குள் நடந்தது. ஐந்து வருடம் இழுப்பவர்கள் நினைத்தால் ஆறேழு மாதத்திலும் செய்வார்கள்.

வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கு அந்த காஸ்ஸா கிடைக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு வேறு சின்ன உதவித்தொகைதான் கிடைத்தது.

டீக்கடை_பெஞ்ச்

ராசா அண்ணே, அது கொரோனா. கழுத்தில் கத்தி இருந்தால் யாரும் ஓடுவார்கள். சாதாரண நாளில்? இந்த டெலிவரி ஆட்களுக்கே ஒரு சட்டம் வருகிறது, வருகிறது என்று எத்தனை வருடமாகச் சொல்கிறார்கள்? உறையூர் அக்கா, இதற்குப் பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

பெர்லின்_சைக்கிள்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, பேமாவுக்கு மெயில் போட்டு நேரம் வாங்கிவிட்டேன். நாள் கணக்கு 140-க்குள்தான் இருக்கிறது.

மூன்று சந்தேகம். ஒன்று, அந்த டெலிவரி ஆட்கள் சட்டம் எனக்கு இப்போது உதவுமா? இரண்டு, முதலாளியின் சரியான முகவரி தெரியாது. ஒரு ஷட்டர் கடையில்தான் பார்த்தேன், இப்போது பூட்டு தொங்குகிறது. மூன்று, பெரிய கம்பெனியைக் கேட்க முடியுமா?

அண்ணை, சங்க விஷயமும் விசாரிக்கிறேன்.

உறையூர்க்காரி

டீக்கடை கேட்டது நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. பிளாட்பார வேலை, அதாவது ஆப் வழியாகச் செய்யும் வேலை பற்றிய டைரக்டிவின் நகல் 2021 டிசம்பர் 9-ஆம் தேதி வந்தது. ஆப் ஒருவரை உண்மையில் மேற்பார்வை செய்து வேலை வாங்குகிறது என்றால், அவர் சுயதொழில் செய்பவர் அல்ல, தொழிலாளி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் நிரூபிப்பது கம்பெனியின் பாடு. அப்புறம், ஓர் அல்காரிதம் மட்டும் முடிவெடுத்து யாருடைய கணக்கையும் மூடக் கூடாது. இதுதான் சாரம். 2023 டிசம்பரில் உடன்பாடு என்றார்கள், நாடுகள் கவிழ்த்தன. 2024 பிப்ரவரியில் மறுபடி கவிழ்ந்தது. ஷ்மிட்டின் பதவிக்காலமே முடியப் போகிற நேரம். மார்ச் 11 அன்று எஸ்டோனியாவும் கிரீஸும் பக்கம் மாறியதால் கரை சேர்ந்தது. பிரான்ஸும் ஜெர்மனியும், ஆமாம் நாம் இருக்கும் இதே ஜெர்மனியும், கடைசிவரை ஆதரவு தரவில்லை. ஆக இழுத்தது யார் என்று பார்த்தால் பிரஸ்ஸல்ஸ் ஆபீஸ் மட்டுமல்ல. அந்தப் பதவிக்கு நகலை மேஜைக்குக் கொண்டுவரும் உரிமை உண்டு, அதை நிறைவேற்றும் கை தலைநகரங்களிடம் இருக்கிறது. திட்டு மட்டும் ஆணையருக்கு.

நாடுகள் அதைச் சட்டமாக்கக் கெடு 2026 டிசம்பர் 2. ஜெர்மனி அதைத் தாண்டினாலோ அரைகுறையாகச் செய்தாலோ, அப்போது ரூம் அண்ணன் சொன்ன கடிதத்துக்கு வேலை வரும். நாட்டின் மேல் யார் வேண்டுமானாலும் ஐரோப்பிய ஆணையத்துக்குப் புகார் எழுதலாம், அதற்கென்றே படிவம் இருக்கிறது. 15 வேலைநாளுக்குள் கிடைத்தது என்று ஒப்புகை தர வேண்டும், ஒரு வருடத்துக்குள் வழக்கா இல்லையா என்று முடிவெடுக்கப் பார்ப்பார்கள். வழக்கு ஜெர்மனி அரசின் மேல்தான் வரும், உங்கள் முதலாளி மேல் அல்ல. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் மனு போடலாம், இங்கே குடியிருந்தால் போதும், குடியுரிமை தேவையில்லை.

ஆனால் உங்கள் நவம்பர், டிசம்பர் சம்பளத்துக்கு அந்தச் சட்டம் தேவையே இல்லை தம்பி. நீங்கள் சுயதொழில் செய்தவர் என்று அவரே சொல்லவில்லையே. பழைய சாதாரணச் சட்டமே போதும். குறைந்தபட்ச ஊதியப் பங்கை எந்த ஒப்பந்த வரியாலும், "மூன்று மாதத்துக்குள் கேட்காவிட்டால் போச்சு" என்ற விதியாலும் பறிக்க முடியாது. அதற்கு மேலே உள்ள பங்குக்கு அந்த விதி இருந்தாலும் இருக்கும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

முகவரி முக்கியம். சரியான பெயரும் முகவரியும் இல்லாமல் வழக்கை அவர் கையில் கொடுக்க முடியாது. பழைய மாதங்களில் பேங்க் வழியாகச் சம்பளம் வந்திருந்தால் அனுப்பியவர் பெயரைப் பாருங்கள், அதில் கம்பெனியின் முழுப்பெயர் இருக்கும். அதை வணிகப் பதிவேட்டில் தேடுங்கள், ஆன்லைனில் இலவசம். அதுவும் 2022 ஆகஸ்ட் 1-இலிருந்துதான் இலவசமானது. அதுவும் இன்னொரு ஐரோப்பிய டைரக்டிவின் புண்ணியம், வேறு துறை. ஷட்டர் கடை பூட்டியிருந்தாலும் பதிவேட்டில் நிர்வாகியின் பெயர் இருக்கும்.

பெரிய கம்பெனியைப் பொறுத்தவரை, வேலையை இன்னொருவருக்குக் குத்தகைக்கு விட்டவர், அவர் குறைந்தபட்ச ஊதியம் தராவிட்டால் ஜாமீன்தாரர் போலப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஜெர்மன் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. ஆலோசகரிடம் அதைக் கேட்க மறக்காதீர்கள். அந்தப் பை, ஜாக்கெட், ஆப் லாகின் இவற்றைப் படம் எடுத்து வையுங்கள்.

பேமாவுக்குப் போகும்போது எடுத்துப் போக: வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்தது (ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, தேதி விட்டுப்போகும்), ஆப்பில் நாள்வாரி ஆர்டர்கள், பேங்க் ஸ்டேட்மென்ட், உங்களோடு ஓட்டிய ஒருவரின் பெயர், ரெசிடென்ஸ் கார்டு. ஆப் கணக்கை அவர்கள் மூடும் முன் இன்றைக்கே பதிவிறக்குங்கள். மூடிவிட்டால் அதைத் திரும்ப வாங்குவது தனி வேலை.

இன்னொன்று, இதை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். இந்த மாதிரிச் சின்ன நிறுவனங்கள் திவாலாகிப் போவது சகஜம். திவால் என்று ஆனால் கடைசி மூன்று மாதச் சம்பளத்தை வேலைவாய்ப்பு அலுவலகமே தரும். முதலாளி ஓடிப்போனாலும் சம்பளத்துக்கு ஓர் உத்தரவாத நிதி இருந்தாக வேண்டும் என்று யூனியனுக்கு முன்பிருந்த ஐரோப்பிய சமூகம் 1980-இலேயே தன் எல்லா நாடுகளுக்கும் டைரக்டிவ் போட்டுவிட்டது. ஆனால் திவால் நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். திவால் அறிவிப்புகள் இணையத்தில் பொதுவில் வரும், கம்பெனி பெயரைப் போட்டு வாரம் ஒருமுறை பாருங்கள்.

கோர்ட்டுக்குத் தேதி வந்தால் இங்கே எழுதுங்கள். வேலை நாளாக இருந்தாலும் லீவு போட்டு வந்துவிடுகிறேன்.